சட்டத்தில் இடமில்லை: யூத அகதிகளும் உலக நாடுகளும், 1933–1941

1938 ஜூலை 6 முதல் 15 வரை, பிரான்சில் ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள எவியான் நகரத்தின் ராயல் ஹோட்டலில் 32 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். ஜெர்மனியிலிருந்தும், அந்த ஆண்டு மார்ச்சில் ஜெர்மனி விழுங்கிய ஆஸ்திரியாவிலிருந்தும் வெளியேறத் தவித்த யூதர்களுக்கு எங்கே இடம் தேடுவது என்பதுதான் பேச்சு. மாநாட்டைக் கூட்டியவர் அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். அவருடைய அரசு அனுப்பிய அழைப்பிலேயே இரண்டு உத்தரவாதங்கள் இருந்தன. எந்த நாடும் தன் நடப்புச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு மேல் யாரையும் ஏற்க வேண்டியதில்லை. செலவும் அரசுகளின் தலையில் விழாது, தனியார் தொண்டமைப்புகள் பார்த்துக்கொள்ளும். பாலஸ்தீனத்தைப் பற்றிப் பேச்சே எழக் கூடாது என்ற பிரிட்டனின் விருப்பமும் மதிக்கப்பட்டது. மாநாடு ஜெனீவாவில் நடக்க ஸ்விட்சர்லாந்து இசையாததால்தான் ஏரியின் மறுகரைக்குப் போனது. அமெரிக்காவும் தன் வெளியுறவு அமைச்சரை அனுப்பவில்லை. யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்தின் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற மைரன் டெய்லரை அனுப்பியது.

ஒன்பது நாள் பேச்சில் பிரதிநிதிகள் அநேகமாக எல்லோரும் அகதிகளுக்காக வருந்தினார்கள். அடுத்த வாக்கியத்தில் தங்கள் நாட்டின் சட்டத்தையும் வேலையில்லாத் திண்டாட்டத்தையும் எடுத்துச் சொன்னார்கள். தாங்கும் எல்லையைத் தாண்டிவிட்டோம் என்றது பிரான்ஸ். எங்களுக்கு இனப் பிரச்சினை என்று ஒன்று இல்லை, அதை இறக்குமதி செய்யவும் விருப்பமில்லை என்ற பொருளில் பேசினார் ஆஸ்திரேலியப் பிரதிநிதி டி. டபிள்யூ. ஒயிட். பெரிய எண்ணிக்கையைச் சொல்லி முன்வந்த ஒரே நாடு டொமினிக்கன் குடியரசு: ஒரு லட்சம் பேர் வரை ஏற்பதாகச் சொன்னது. அதன் சர்வாதிகாரி ட்ருஹியோ முந்தைய ஆண்டுதான் ஆயிரக்கணக்கான ஹெய்ட்டியரைக் கொன்று குவித்திருந்தார். கெட்டுப்போன பெயரைச் சரிசெய்துகொள்ள அவருக்கு இந்த வாக்குறுதி தேவைப்பட்டது. 1940-இல் அங்கே தொடங்கிய சோசுவா குடியிருப்புக்குக் கடைசியில் போய்ச் சேர்ந்தவர்கள் சில நூறு பேர்.

எவியானை உலகின் மனசாட்சி தூங்கிப்போன நாள் என்று எழுதுவது வழக்கம். அந்த விளக்கம் போதாது என்பது இக்கட்டுரையின் வாதம். அங்கே கூடியவர்கள் மனசாட்சி இல்லாதவர்கள் அல்லர். அவர்கள் முன்வைத்த காரணத்தைத்தான் சோதிக்க வேண்டும். சட்டம் கையைக் கட்டிவிட்டது என்றார்கள். 1933-க்கும் 1941-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளின் ஆவணங்களைப் பார்த்தால், அதே சட்டங்கள், ஒரு வரிகூடத் திருத்தப்படாமல், சில ஆண்டுகள் இறுகியும் சில ஆண்டுகள் தளர்ந்தும் இருந்திருக்கின்றன. இறுக்கியதும் தளர்த்தியதும் அதிகாரிகளுக்குப் போன சுற்றறிக்கைகள், வாய்மொழி உத்தரவுகள், ‘தகுந்த ஆதாரம்’ என்றால் என்ன என்பதற்கு அவ்வப்போது தரப்பட்ட விளக்கங்கள். அகதிகளை வெளியே நிறுத்தியது சட்டத்தைச் செயல்படுத்திய விதம். அந்த விதத்தை மாற்றப் பெரும்பாலும் நாடாளுமன்றம் தேவைப்படவில்லை.

பறித்துக்கொண்டு அனுப்பிய நாடு, பணம் கேட்ட நாடுகள்

1933 ஜனவரி 30-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது ஜெர்மனியில் சுமார் ஐந்து லட்சம் யூதர்கள் இருந்தார்கள். மொத்த மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஏப்ரல் 1-இல் யூதக் கடைகள் புறக்கணிக்கப்பட்டன. ஏப்ரல் 7-இல் வந்த சட்டம் அரசுப் பணிகளிலிருந்து யூதர்களை நீக்கியது. முதல் ஆண்டிலேயே சுமார் 37,000 பேர் வெளியேறினார்கள். 1935 செப்டம்பரில் நியூரம்பர்க் சட்டங்கள் குடியுரிமையைப் பறித்தன. அந்த ஆண்டுகளில் நாஜி அரசின் நோக்கம் யூதர்களை வெளியே துரத்துவதாகவே இருந்தது. யூதர்கள் வெளியேறுவதற்குப் பொதுத் தடை வந்தது 1941 அக்டோபரில்தான். அதுவரை எட்டரை ஆண்டுகளுக்கும் மேலாக, ஜெர்மனியின் பக்கமிருந்து பார்த்தால், கதவு திறந்தே இருந்தது.

ஆனால் அந்தக் கதவுக்கு ஒரு விலை இருந்தது. நாட்டைவிட்டு வெளியேறுவோருக்கான வரி, முதலீடு வெளியே ஓடுவதைத் தடுக்க வைமர் குடியரசின் கடைசிக் காலத்தில், 1931 டிசம்பரில், கொண்டுவரப்பட்டது. 2,00,000 மார்க்குக்கு மேல் சொத்துள்ளவர்கள் நான்கில் ஒரு பங்கைக் கட்ட வேண்டும் என்பது விதி. நாஜிகள் 1934-இல் அந்த வரம்பை 50,000 மார்க்காகக் குறைத்தார்கள். மிச்சமிருந்த பணம் முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் போடப்பட்டது. அதை வெளிநாட்டு நாணயமாக மாற்றும்போது பெரும்பகுதி கழிக்கப்பட்டது. கழிவு ஆண்டுக்கு ஆண்டு கூடி, போர் தொடங்கும் நேரத்தில் நூறு மார்க்குக்கு நான்கு மார்க் மதிப்பே தேறும் நிலை வந்தது. 1938 ஆகஸ்டில் வியன்னாவில் அடால்ஃப் ஐக்மன் அமைத்த குடியகல்வு அலுவலகம் இதையே ஒரு தொழிற்சாலைபோல நடத்தியது. சொத்தோடும் குடியுரிமையோடும் உள்ளே போனவர் மேசை மேசையாகக் கடந்து, கையில் ஒரு பாஸ்போர்ட்டோடு மட்டும் மறுபக்கம் வெளியே வந்தார்.

இப்படி வெளியே வந்தவரிடம் மற்ற நாடுகள் கேட்ட முதல் கேள்வி, பணம் இருக்கிறதா என்பது. அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் அரசுக்குப் பாரமாகக்கூடியவரை விலக்கும் ஒரு பிரிவு இருந்தது. உடல் உழைப்புக்கு முடியாதவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பிரிவு அது. 1930 செப்டம்பரில், பொருளாதார மந்தத்தின் நடுவே, அதிபர் ஹூவரின் அரசு அதற்குப் புதிய பொருள் தந்தது: வேலைக்கு வழியில்லாமல் போகலாம் என்று துணைத்தூதரக அதிகாரி நினைத்தாலே விசாவை மறுக்கலாம். அந்த உத்தரவுக்குச் சட்டமன்ற விவாதம் நடக்கவில்லை. வாஷிங்டனிலிருந்து துணைத்தூதரகங்களுக்குப் போன ஒரு அறிவுறுத்தல்தான். மூன்று ஆண்டுகள் கழித்து ஜெர்மானிய யூதர்கள் வரிசையில் வந்து நின்றபோது, இந்த உத்தரவு தயாராகக் காத்திருந்தது. சொத்தைப் பறித்தது ஒரு நாடு. சொத்தில்லை என்று விசாவை மறுத்தது இன்னொரு நாடு. இரண்டும் பேசிவைத்துக்கொண்டு செய்யவில்லை. ஆனாலும் இடையில் நின்றவனுக்கு இரண்டும் சேர்ந்து ஒரே முட்டுச்சந்து.

ஒரே ஒதுக்கீடு, இரண்டு விளைவுகள்

1924-ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஆண்டு ஒதுக்கீட்டை வகுத்திருந்தது. ஜெர்மனிக்கு 25,957 இடங்கள். ஆஸ்திரியா இணைக்கப்பட்ட பிறகு இரண்டுக்கும் சேர்த்து 27,370. 1933 நிதியாண்டில் ஜெர்மனிக்கு வழங்கப்பட்ட விசாக்கள் 1,241 மட்டுமே. காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்கள் 80,000-க்கும் மேல். இருபதில் ஒரு இடம்கூட நிரம்பவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் எண்ணிக்கை மெல்ல ஏறியது, ஆனால் 1938 வரை எந்த ஆண்டும் ஒதுக்கீடு முழுதாக நிரம்பவில்லை. 1939 நிதியாண்டில் 27,370 இடங்களும் நிரம்பின. இடையில் சட்டத்தில் எந்த மாற்றமும் இல்லை. விசா அதிகாரிகள் கடுமையைத் தளர்த்திக்கொள்ள வாஷிங்டன் குறிப்புக் காட்டியது, அவ்வளவுதான். 1933-இலிருந்து 1938 வரை ஜெர்மானிய ஒதுக்கீட்டில் பயன்படாமல் போன இடங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அந்த இடங்களைத் தர அமெரிக்கா புதிதாக எதையும் வாக்களிக்க வேண்டியிருக்கவில்லை. தன் சட்டம் ஏற்கெனவே வாக்களித்ததைக் கொடுத்திருந்தாலே போதும்.

தளர்த்த முடிந்தது என்பதற்கு இன்னொரு சான்று 1938 நவம்பரில் கிடைக்கிறது. நவம்பர் 9-ஆம் தேதி இரவில் ஜெர்மனி முழுவதும் யூத வழிபாட்டுக் கூடங்கள் எரிக்கப்பட்டன. சுமார் 30,000 ஆண்கள் தாஹாவ், புஹன்வால்ட், ஸாக்ஸன்ஹௌஸன் முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அடுத்த சில நாள்களில், சுற்றுலா விசாவில் அமெரிக்காவில் தங்கியிருந்த பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானியர் திரும்பிப் போகத் தேவையில்லை என்று ரூஸ்வெல்ட் அறிவித்தார். காங்கிரசைக் கேட்காமல் விசாக் காலத்தை நீட்டினார். அதே அதிகாரத்தை எதிர்த் திசையிலும் செலுத்த முடிந்தது. 1940 ஜூனில் வெளியுறவுத் துறையின் துணைச் செயலர் பிரெக்கின்ரிட்ஜ் லாங் சக அதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார்: எல்லா விதத் தடைகளையும் போடும்படியும் கூடுதல் ஆதாரம் கேட்கும்படியும் துணைத்தூதரகங்களிடம் சொன்னால் போதும், விசாக்களைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகலாம், தற்காலிகமாகக் குடியேற்றத்தை நிறுத்தியே விடலாம். குடியேற்றக் கொள்கையின் கைப்பிடி எங்கே இருந்தது என்பதை அதைக் கையில் வைத்திருந்தவரே எழுதிவைத்த இடம் இது.

இந்த முறை ஒரு குடும்பத்தின்மீது எப்படி இயங்கியது என்பதற்கு உலகம் அறிந்த ஒரு உதாரணம் போதும். ஆன் ஃபிராங்க்கின் நாட்குறிப்பு தமிழ் வாசகர்களுக்கும் பழக்கமானது. அந்தச் சிறுமியின் தந்தை ஓட்டோ ஃபிராங்க், 1938-இல் ராட்டர்டாமிலிருந்த அமெரிக்கத் துணைத்தூதரகத்தில் விசாவுக்குப் பதிவு செய்தார். 1940 மே 14-இல் ஜெர்மன் விமானங்கள் ராட்டர்டாமைக் குண்டு வீசி அழித்தபோது துணைத்தூதரகக் கோப்புகளும் எரிந்தன. 1941-இல் மறுபடி முயன்றார். அமெரிக்காவில் உயர்பதவியில் இருந்த கல்லூரி நண்பர் நேதன் ஸ்ட்ராஸ் ஜூனியர் பொறுப்பேற்க முன்வந்தார். பணமும் செல்வாக்கும் கூடிவந்த அந்த நேரத்தில், ஜெர்மன் ஆதிக்கப் பகுதியில் நெருங்கிய உறவினர் இருப்போருக்கு விசா மறுக்கலாம் என்று 1941 ஜூனில் விதி மாறியது. ஜூலையில் அப்பகுதிகளின் அமெரிக்கத் துணைத்தூதரகங்கள் மூடப்பட்டன. கியூபாவுக்கு முயன்றார். டிசம்பர் 1-இல் ஓட்டோவுக்கு மட்டும் கியூப விசா அனுமதிக்கப்பட்டது. டிசம்பர் 11-இல் ஜெர்மனி அமெரிக்காமீது போர் அறிவித்ததோடு அதுவும் ரத்தானது. 1942 ஜூலையில் குடும்பம் மறைவிடத்துக்குப் போயிற்று. இந்தக் கதையில் யாரும் ‘உனக்கு இடமில்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்லவே இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு தாள் குறைந்தது, அவ்வளவே. விண்ணப்பதாரருக்குப் பிறப்புச் சான்று, காவல்துறைச் சான்று, அமெரிக்காவில் இருப்பவரின் பொறுப்புறுதிப் பத்திரம், அவருடைய வருமான வரி நகல், கப்பல் பயணச்சீட்டு எல்லாம் ஒரே நேரத்தில் செல்லுபடியாக இருக்க வேண்டும். ஒன்றுக்குக் காத்திருக்கும்போது இன்னொன்று காலாவதியாகிவிடும்.

மற்ற நாடுகளின் கைவரிசை

பிரிட்டன் வேறு வழியில் அகதிகளைத் தடுத்தது. வரும் அகதி எவரும் அரசுக்குச் செலவு வைக்க மாட்டார்கள் என்று 1933-இலேயே பிரிட்டிஷ் யூத சமூகத் தலைவர்கள் உறுதியளித்தார்கள். அந்த உறுதிமொழியே பிறகு உள்ளே வருவோரின் எண்ணிக்கைக்கு வரம்பாக மாறியது. ஆஸ்திரியா இணைக்கப்பட்ட சில வாரங்களில், கூட்டம் வருமுன்பே, ஜெர்மானியருக்கும் ஆஸ்திரியருக்கும் விசா கட்டாயமாக்கப்பட்டது. யாரை உள்ளே விட்டார்கள் என்பதிலிருந்து அவர்களுடைய அளவுகோல் தெரிகிறது. வீட்டு வேலைக்கு ஆள் தட்டுப்பாடு இருந்ததால் சுமார் 20,000 பேர், பெரும்பாலும் பெண்கள், பணிப்பெண் விசாவில் வந்தார்கள்; மருத்துவர் சங்கத்தின் எதிர்ப்பால் ஆஸ்திரிய மருத்துவர்களில் அனுமதிக்கப்பட்டவர்கள் 50 பேர். உலகப் புகழ்பெற்ற வியன்னா மருத்துவப் பள்ளியில் பயின்றவர்களுக்கு இடமில்லை, அவர்களுடைய மனைவிமாருக்குச் சமையலறையில் இடமிருந்தது. பாலஸ்தீனத்தில், 1935-இல் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் குடியேறியிருக்க, அரபுக் கிளர்ச்சிக்குப் பின் 1939 மே 17-இல் வந்த வெள்ளை அறிக்கை அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குமாகச் சேர்த்து 75,000 என்று வரம்பு கட்டியது. அங்கே அரபு மக்களின் எதிர்ப்பு உண்மையானது, நியாயங்கள் கொண்டது. அந்தச் சிக்கல் பிரிட்டனின் மற்ற நிலப்பரப்புகளுக்குப் பொருந்தாது. ஆனால் பாலஸ்தீனம் மூடப்பட்டதற்கு ஈடாக வேறு எந்தக் கதவும் அதே அளவில் திறக்கப்படவில்லை.

ஸ்விட்சர்லாந்துக்கு ஒரு நடைமுறைத் தலைவலி இருந்தது. ஜெர்மன் பாஸ்போர்ட்டோடு எல்லையில் நிற்பவர் யூதரா இல்லையா என்று தெரியவில்லை. எல்லா ஜெர்மானியருக்கும் விசா வைத்தால் வணிகமும் சுற்றுலாவும் கெடும். அந்நியர் காவல்துறையின் தலைவர் ஹைன்ரிஷ் ரோட்முண்ட் 1938 செப்டம்பரில் பெர்லினில் பேசி ஒரு உடன்பாட்டுக்கு வந்தார். அக்டோபர் 5-இல் ஜெர்மனி யூதர்களின் பாஸ்போர்ட்டுகளைச் செல்லாததாக்கி, ‘ஜே’ என்ற சிவப்பு எழுத்தைக் குத்தித் திருப்பித் தந்தது. அந்த முத்திரை நாஜிகளின் வெறுப்பில் மட்டும் பிறந்ததல்ல. அண்டை நாட்டின் நிர்வாக வசதிக்காகவும் வந்தது. கனடாவில் குடியேற்றத் துறையின் இயக்குநர் ஃபிரெட்ரிக் பிளேர் விண்ணப்பங்களைத் தாமே பார்த்து மறுத்தார். 1933 முதல் 1945 வரையிலான பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தப் பரந்த நாடு ஏற்ற யூத அகதிகள் சுமார் 5,000 பேர்.

இந்த நாடுகளின் நடத்தை ஒரே கப்பலில் குவிந்து தெரிந்தது 1939 கோடையில். மே 13-இல் ஹாம்பர்க்கிலிருந்து கிளம்பிய செயின்ட் லூயிஸ் கப்பலில் 937 பயணிகள் இருந்தார்கள், அநேகமாக எல்லோரும் யூதர்கள். பெரும்பாலோர் அமெரிக்க விசாவுக்குப் பதிவு செய்து, முறை வரும்வரை கியூபாவில் தங்கியிருக்கலாம் என்று கிளம்பியவர்கள். கியூபக் குடியேற்றத் துறை இயக்குநர் மானுவெல் பெனிட்டெஸ் விற்ற இறங்கும் அனுமதிச் சீட்டுகள் அவர்களிடம் இருந்தன. கப்பல் கிளம்பும் முன்பே அதிபர் லரேதோ புரூ ஓர் ஆணையால் அந்தச் சீட்டுகளைச் செல்லாததாக்கிவிட்டார். ஹவானாவில் இறங்க முடிந்தவர்கள் முப்பது பேருக்கும் குறைவு. கப்பல் ஃபுளோரிடா கரையோரம் சுற்றியது. காத்திருப்புப் பட்டியலில் தங்கள் முறை வரும்வரை பயணிகள் காத்திருக்க வேண்டும் என்று வாஷிங்டனிலிருந்து பதில் வந்தது. கப்பல்தலைவர் குஸ்டாவ் ஷ்ரோடர் ஜெர்மனிக்குத் திரும்பாமல் காலத்தைக் கடத்தினார். அதற்குள் யூத நிவாரண அமைப்பொன்று செலவுக்குப் பொறுப்பேற்க, பிரிட்டன் 288 பேரையும் பிரான்ஸ் 224 பேரையும் பெல்ஜியம் 214 பேரையும் நெதர்லாந்து 181 பேரையும் ஏற்றன. சட்டம் இடம் தராத நாடுகளே சில நாள்களில் தொள்ளாயிரம் பேருக்கு இடம் தந்தன. பத்திரிகைகளின் பார்வை அந்தக் கப்பல்மேல் இருந்ததுதான் வித்தியாசம். அடுத்த ஆண்டு பிரிட்டன் தவிர்த்த மற்ற மூன்று நாடுகளும் ஹிட்லரிடம் வீழ்ந்தன; கப்பலில் வந்தவர்களில் 254 பேர் உயிரிழந்தார்கள்.

விதியை வளைத்தவர்கள்

விதி வளையக்கூடியது என்பதற்கு, வளைத்துக் காட்டியவர்களே கடைசிச் சாட்சி. வியன்னாவில் சீனத் துணைத்தூதராக இருந்த ஹோ ஃபெங்-ஷான், மேலதிகாரியின் விருப்பத்துக்கு மாறாக, ஷாங்காய்க்கு ஆயிரக்கணக்கான விசாக்கள் வழங்கினார். விசித்திரம் என்னவென்றால், ஷாங்காயில் இறங்க அப்போது விசாவே தேவையில்லை. ஆனால் போகுமிடத்துக்கு ஒரு தாள் இருக்கிறது என்று காட்டினால் ஜெர்மானிய அதிகாரிகள் வெளியேற விட்டார்கள்; முகாமில் கிடந்தவரையும் விடுவித்தார்கள். ஒரு முத்திரைக்கு எத்தனை உயிர் என்பதை அவர் கணக்கிட்டிருந்தார். சுமார் 18,000 பேர் ஷாங்காய் போய்ப் பிழைத்தார்கள். ஸ்விஸ் எல்லையில் செயின்ட் காலன் மாகாணக் காவல் தலைவர் பால் குரூனிங்கர், எல்லை மூடப்படுவதற்கு முன்பே வந்ததாகத் தேதியை மாற்றி எழுதி அகதிகளை உள்ளே விட்டார். 1939-இல் வேலையிழந்து, பின்னர் தண்டனையும் பெற்றார். 1972-இல் இறந்த அவரை நீதிமன்றம் குற்றமற்றவர் என்று அறிவித்தது 1995-இல். பொலிவியா போன்ற ஏழை நாடு 1938-க்கும் 1941-க்கும் இடையில் பல ஆயிரம் பேரை ஏற்றது. பிலிப்பைன்ஸ் அதிபர் மானுவெல் கெஸோன் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இடமளித்தார்.

பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் சிறு எண்ணிக்கையில் அகதிகள் வந்தார்கள். பிழைப்புக்கு உத்தரவாதம் காட்டினால்தான் இறங்க முடியும். அதற்காகவே 1934-இல் பம்பாயில் யூத நிவாரணச் சங்கம் ஒன்று தோன்றியது. நேரு, குறிப்பாக மருத்துவர்களும் தொழில்நுட்பம் அறிந்தவர்களும் வருவதை வரவேற்றார். இந்திய தேசிய காங்கிரசுக்குள் சுபாஷ் சந்திர போஸ் அதை எதிர்த்தார். நம் வீடுகளில் காலையில் ஒலித்த அகில இந்திய வானொலியின் முகப்பிசையை அமைத்தவராகப் பொதுவாகச் சொல்லப்படும் வால்டர் காஃப்மன், அந்த ஆண்டுகளில் பம்பாய் வந்திறங்கிய மத்திய ஐரோப்பிய யூதர்.

மறுப்புகள்

இந்த வாதத்துக்கு எதிராக நான்கு மறுப்புகள் உண்டு. நான்கும் புறந்தள்ளத் தக்கவை அல்ல. முதலாவது பொருளாதாரம். 1933-இல் அமெரிக்கத் தொழிலாளரில் நான்கில் ஒருவருக்கு வேலையில்லை. அப்படிப்பட்ட நாட்டிடம் இன்னும் ஆள் எடு என்று கேட்பது நியாயமா? நியாயமான கேள்விதான். ஆனால் இதே காரணம் குழந்தைகளுக்குப் பொருந்தாது. 1939 பிப்ரவரியில் செனட்டர் ராபர்ட் வாக்னரும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் எடித் ரோஜர்ஸும் கொண்டுவந்த மசோதா, ஒதுக்கீட்டுக்கு வெளியே இரண்டு ஆண்டுகளில் 20,000 குழந்தைகளை அனுமதிக்கக் கேட்டது. அது குழுவிலேயே மடிந்தது. ஆதரவு கேட்டு வந்த குறிப்பின்மேல், நடவடிக்கை வேண்டாம், கோப்பில் வை என்று ரூஸ்வெல்ட் எழுதினார். அதே நேரத்தில் பிரிட்டன், 1938 டிசம்பர் 2-இல் ஹார்விச் துறைமுகத்தில் இறங்கிய முதல் குழுவில் தொடங்கி, போர் மூளும்வரை சுமார் 10,000 குழந்தைகளைப் பெற்றோரின்றி ஏற்றது. பிரிட்டனிலும் மந்தம் இருந்தது. பத்து வயதுக் குழந்தை யாருடைய வேலையையும் பறிக்காது என்றால், அமெரிக்கா காட்டிய பொருளாதாரக் காரணத்துக்குப் பின்னால் வேறொன்று இருந்திருக்க வேண்டும்.

அந்த வேறொன்று மக்கள் கருத்து என்பது இரண்டாவது மறுப்பு. 1938 நவம்பரில் நடந்த கேலப் கருத்துக்கணிப்பில் யூதர்கள் நடத்தப்பட்ட விதத்தை அமெரிக்கரில் 94 சதவீதம் கண்டித்தார்கள்; ஆனால் கூடுதலாக யூதர்களை அனுமதிக்க 70 சதவீதத்துக்கும் மேலானோர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ரூஸ்வெல்ட் ஒதுக்கீட்டைக் கூட்டக் கேட்டிருந்தால் காங்கிரஸ் இருப்பதையும் குறைத்திருக்கும் என்று அவருக்குப் பரிந்து பேசும் வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள். ஒதுக்கீட்டைக் கூட்டும் விஷயத்தில் இது வலுவான வாதம், அதை ஏற்கலாம். ஒதுக்கீட்டை நிரப்பும் விஷயத்தில் இது எடுபடாது. நிரப்பக் காங்கிரசும் தேவையில்லை, கருத்துக்கணிப்பும் தேவையில்லை. 1939-இல் நிரப்பினார்கள், ஆட்சி கவிழ்ந்துவிடவில்லை.

மூன்றாவது மறுப்பு நுட்பமானது: ஜெர்மனி துரத்தும் யூதர்களை ஏற்றால், போலந்தும் ருமேனியாவும் தங்கள் யூதர்களையும் துரத்தத் துணியும். போலந்தில் மட்டும் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள். அவர்களைக் குடியமர்த்த முடியுமா என்று பார்க்க 1937-இல் போலந்து அரசு மடகாஸ்கருக்கு ஒரு குழுவையே அனுப்பியிருந்தது. இந்தப் பயம் கற்பனையல்ல. ஆனால் மறுப்பு அந்தத் துணிச்சலைத் தடுத்ததா? 1938 மார்ச்சில் போலந்து, வெளிநாட்டில் நெடுங்காலம் வாழ்ந்த தன் குடிமக்களின் குடியுரிமையைப் பறிக்கச் சட்டம் செய்தது. அக்டோபர் இறுதியில் ஜெர்மனி சுமார் 17,000 போலந்து யூதர்களை எல்லைக்குத் துரத்தியது. அவர்களில் ஆயிரக்கணக்கானோர் ஸ்பொன்ஷின் என்ற எல்லையோர ஊரில் சிக்கிக்கொண்டார்கள். எவியானுக்கு மூன்று மாதங்களுக்குப் பின். கதவுகள் மூடியிருந்தும் துரத்துவது நிற்கவில்லை. யாரும் ஏற்கமாட்டார்கள் என்று தெரிந்தபின், துரத்தப்பட்டவர்கள் போய்ச் சேர இடமில்லை என்பது மட்டுமே மாறியது.

நான்காவது, எல்லாவற்றிலும் கனமான மறுப்பு: நச்சுவாயு அறைகள் வரும் என்று 1938-இல் யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாதுதான். பின்னால் நடந்ததை வைத்து முன்னால் இருந்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது வரலாறு எழுதும் முறையல்ல. ஆகவே அவர்களுக்குத் தெரிந்ததை மட்டும் வைத்தே பார்க்கலாம். சர்வதேச சங்கம் 1933-இல் ஜெர்மன் அகதிகளுக்காக நியமித்த உயர் ஆணையர் ஜேம்ஸ் மெக்டொனால்ட், ஜெர்மனியின் மனம் கோணாதிருக்கத் தம் அலுவலகம் சங்கத்துக்கு வெளியே, தனியார் பணத்தில் நடக்கும்படி வைக்கப்பட்டதைக் கண்டார். 1935 டிசம்பர் 27-இல் பதவியைத் துறந்து, யூதர்கள் எப்படி வாழ்வாதாரம் பறிக்கப்பட்டு ஒடுக்கப்படுகிறார்கள் என்பதை விரிவான கடிதமாக வெளியிட்டார். 1938 நவம்பரில் வழிபாட்டுக் கூடங்கள் எரிந்த செய்தி உலகப் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் வந்தது. வேலை, வீடு, சொத்து, குடியுரிமை எல்லாம் போய், கணவன் வதைமுகாமில் இருக்கும் ஒரு குடும்பத்துக்குப் புகலிடம் தர, அதன் எதிர்காலம் இன்னும் கொடியது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டுமா? அகதிக்குப் புகலிடம் தருவதன் நியாயம் அவர் அன்றைக்கு அனுபவிக்கும் துன்பத்தில் இருக்கிறது.

மொத்தத்தில் பாதிக்கு மேல் தப்பினார்களே என்றும் கேட்கலாம். உண்மை: 1939 செப்டம்பருக்குள் ஜெர்மனியிலிருந்து சுமார் 2,82,000 பேரும் ஆஸ்திரியாவிலிருந்து சுமார் 1,17,000 பேரும் வெளியேறியிருந்தார்கள். அமெரிக்கா ஏற்ற தொகை வேறு எந்த ஒரு நாட்டையும்விட அதிகம். இந்தப் பெருமையை மறைக்கக் கூடாது. ஆனால் இந்த எண்களே வாதத்தை உறுதிப்படுத்துகின்றன. வெளியேற்றம் 1938, 1939 ஆண்டுகளில் பெருகியது, அதாவது பல நாடுகள் தங்கள் நடைமுறையைத் தளர்த்தியபோது. முன்பே தளர்த்தியிருந்தால், ஃபிராங்க் குடும்பத்தைப்போல ஐரோப்பாவுக்குள்ளேயே அண்டை நாடுகளில் தங்கிச் சிக்கிக்கொண்டவர்களில் பலர் கடல் கடந்திருப்பார்கள்.

எஞ்சும் பாடம்

போருக்குப் பின் 1951-இல் வந்த அகதிகள் உடன்படிக்கை, ஆபத்து காத்திருக்கும் இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதைக் கடமையாக்கியது. 1933-இல் வந்த முந்தைய உடன்படிக்கையிலும் அந்தக் கொள்கை இருந்தது. அதை ஏற்று உறுதி செய்த நாடுகள் பத்துக்கும் குறைவு. 1951 உடன்படிக்கை ஓட்டோ ஃபிராங்க் சிக்கிய பொறியைத் தொடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லைக்கு வந்து சேர்ந்தவரைத்தான் அது காக்கிறது. வந்து சேரவிடாமல் விசாவாலும் ஆவணங்களாலும் தூரத்திலேயே நிறுத்தப்படுபவரைக் காக்கவில்லை. இந்தியாவும் இலங்கையும் அதில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கான தனிச் சட்டம் இந்தியாவில் இல்லாததால், 1983-க்குப் பின் தமிழகத்துக்கு வந்த ஈழத் தமிழர்களை உள்ளே விட்டதும், பல்லாண்டுகளாக முகாம்களில் குடியுரிமையின்றி வைத்திருப்பதும் நிர்வாக ஆணைகளே. ஒரே விருப்புரிமை கதவைத் திறக்கவும் செய்கிறது, திறந்த கதவுக்கு உள்ளேயே நிறுத்திவைக்கவும் செய்கிறது.

எவியான் மாநாட்டைப் பற்றி எழுதும்போது எந்த நாடு எத்தனை பேரை ஏற்றது என்று பட்டியலிடுவதோடு நாம் நின்றுவிடுகிறோம். அகதிகளை மறுக்கும் எந்த அரசிடமும், அன்றும் இன்றும், கேட்க வேண்டிய கேள்விகள் அதைவிடக் குறுகலானவை. சட்டம் தடுக்கிறது என்றால் எந்தப் பிரிவு? அந்தப் பிரிவுக்கு இன்றைய பொருளைத் தந்த உத்தரவு எது, அதில் கையெழுத்திட்டவர் யார்? சட்டத்தைத் தொடாமல் அதே உத்தரவை நாளைக் காலை மாற்ற முடியுமா? 1933-இல் இந்தக் கேள்விகளைக் கேட்டிருந்தால், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க விசாக்கள் யாருக்கும் தரப்படாமல் ஏட்டிலேயே கிடந்தது ஏன் என்பதற்கு, பெயரோடும் பதவியோடும் யாராவது ஒருவர் பதில் சொல்ல நேர்ந்திருக்கும்.